ஏழாம் ஸ்டேஷனுக்கு ஒரு செய்தி

நசரத்பேட்டையில் நெடுஞ்சாலைக்குப் பின்னால், பாதி கட்டி நின்றுபோன அடுக்குமாடி ஒன்றின் மொட்டைமாடியில் ரூஹி காலையிலிருந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் வாக்கிடாக்கி. வெள்ளம் வந்து செல்போன் கோபுரங்கள் படுத்துவிட்டால் தன்னார்வ மருத்துவக் குழுக்கள் எப்படிப் பேசிக்கொள்ளும் என்பதற்கான ஒத்திகை அன்று. ஆவடியில் பாஸ்கரன் சாரின் கட்டுப்பாட்டு அறை. மாங்காட்டில் மருத்துவ முகாம். ஒருவர் குரல் மற்றவருக்கு எட்டாவிட்டால், நடுவில் இருக்கும் ஏழாம் ஸ்டேஷன், அதாவது ரூஹி, கேட்டதைக் கேட்டபடியே சொல்ல வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது.

அன்றைக்கென்று ஆவடிக்கும் மாங்காட்டுக்கும் நன்றாகவே கேட்டது. அவளை யாரும் கூப்பிடவில்லை.

அது அவளுக்குப் புதிதில்லை. வகுப்பில் எழுந்து நின்றால் எல்லாத் தலைகளும் திரும்பும், சொல்ல வந்தது மறந்துபோகும். பத்தாவதோடு பள்ளிக்கு முழுக்குப் போட்டாள். ரேடியோவில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்றுதான் தேர்வு எழுதி லைசென்ஸ் வாங்கினாள். வாங்கிய பிறகும் “ஏழு, கேட்கிறது” என்பதைத் தாண்டி அவள் பேசியதில்லை.

கட்டடத்தின் வாட்ச்மேன் வேம்புலி டீயோடு மேலே வந்தார்.

“இன்னாம்மா, உன் பொட்டி உன்னாண்ட கோச்சிகினு கீதா? ஊரெல்லாம் பேசுது, உன்னாண்ட மட்டும் வாயத் தொறக்கல.”

ரூஹி சிரித்தாள்.

“போன் இருந்தா குடேன். ஆவடில என் பொண்ணாண்ட ஒரு வார்த்த பேசணும். என்னுது தண்ணித் தொட்டில உயுந்து, ரிப்பேர் கடைல கீது.”

“காலையிலயே ஆவடியில எல்லார் போனையும் வாங்கிப் பையில போட்டுட்டாங்கண்ணா. யாரும் ஏமாத்தக் கூடாதுன்னு.”

“அடப்பாவிங்களா! பேசிப் பயகுறதுக்குப் போனப் புடுங்கிக்கினாங்களா?”

சிரித்தபடியே கிளாஸைக் கைப்பிடிச்சுவரில் வைத்தார். வைத்த கை அங்கேயே நின்றது. மற்றொரு கை மார்புக்குப் போனது. மெல்லச் சரிந்து, தண்ணீர்த் தொட்டியின் நிழலில் உட்கார்ந்தார். முகமெல்லாம் வேர்வை.

“நெஞ்ச அயுத்துதும்மா...”

ரூஹி கீழே எட்டிப் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை. வேலையாட்கள் இல்லை. காலி மனைகளுக்கு நடுவே ஒரு சைக்கிள்கூட இல்லை. பொத்தானை அழுத்தினாள்.

“பயிற்சி, பயிற்சி. ஏழு பேசுகிறேன். இங்கே ஒருவருக்கு நெஞ்சுவலி. ஆம்புலன்ஸ் வேண்டும். பயிற்சி, பயிற்சி.”

விட்ட பிறகுதான் உறைத்தது. ஒத்திகையில் எந்தச் செய்தியும் “பயிற்சி” என்ற சொல்லில் தொடங்கி அதிலேயே முடிய வேண்டும். ஒட்டுக்கேட்கும் யாரும் நிஜமென்று பதறிவிடக் கூடாது. பழகிய வாய் தானாகச் சொல்லிவிட்டது.

“ஏழு, உங்களுக்கு நோயாளியே ஒதுக்கலையேம்மா,” என்றார் பாஸ்கரன். “ஆனா நடிப்பு பிரமாதம், குரல்கூட நடுங்குது. லைனை விடுங்க.”

“இன்னா சார், ஏழுக்கு வாய் கீதா!” மாங்காட்டு முகாமிலிருந்த தன்னார்வலர் தினகரன் குரல் கொடுத்தான். யாரோ சிரித்தார்கள்.

பிறகு மாங்காட்டின் பொய் நோயாளிகள் வரிசையாக வந்தார்கள். கால் முறிந்தவர், மூச்சுத் திணறியவர். இங்கே வேம்புலியின் உதடு வெளுத்துக்கொண்டிருந்தது. அந்த மனிதருக்கு இப்போது அவளை விட்டால் நாதியில்லை. அவள் சொன்னதோ நடிப்பாகிவிட்டது.

ஒத்திகையை நிறுத்த ஒரு வழி முதல் நாளே சொல்லியிருந்தார்கள். அதைத் தான் சொல்ல நேரும் என்று அவள் நினைத்ததே இல்லை. பேச்சில் சின்ன இடைவெளி விழுந்ததும் அழுத்தினாள்.

“இது உண்மை. இது உண்மை. இது உண்மை.”

சட்டென்று எல்லாம் அடங்கியது. அத்தனை ஸ்டேஷனும் அவளுக்காகக் காத்திருந்தன. அதே வகுப்பறை மௌனம். எல்லாத் தலைகளும் திரும்பியாயிற்று.

வேம்புலி அவள் துப்பட்டாவின் நுனியைப் பிடித்தார். “சொல்லும்மா.”

“இங்க வாட்ச்மேன் வேம்புலிக்கு நெஞ்சுவலி. நான் நடிக்கலை சார். எனக்கு நடிக்கத் தெரியாது.”

பாஸ்கரன் பதில் சொல்வதற்குள் ஒரு பெண் குரல் வந்தது. “ஏழு, நான் மாங்காட்டு டாக்டர் அலீனா. ஆம்புலன்ஸ்ல ஏறிட்டேன். அவர் நடக்கவே கூடாது, சாய்ஞ்சு உட்காரட்டும். எந்தக் கட்டடம்?”

ரூஹி இடத்தைச் சொன்னாள். வேம்புலியைத் தொட்டியில் சாய்த்து உட்காரவைத்து, அவர் பிடியிலிருந்து மஞ்சள் துப்பட்டாவை மெல்ல உருவி, கைப்பிடிச்சுவரோரம் நின்று, வண்டி கண்ணில் படும்வரை வீசினாள்.

ஆம்புலன்ஸில் வந்தவர்கள் வேம்புலியை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். பின்னாலேயே ஓடப் போனவளை பாஸ்கரனின் குரல் நிறுத்தியது. “ஏழு, இடத்தை விட்டு நகராதீங்க. டாக்டர்கிட்டயும் போன் இல்லை. ஆஸ்பத்திரியிலேர்ந்து வாக்கிடாக்கியில பேசினா எனக்கு எட்டாது. உங்க வழியாத்தான் வரணும்.”

சைரன் தேய்ந்து மறைந்தது. தொட்டியின் நிழல் மெல்ல நகர்ந்தது.

கடைசியில் கரகரப்பினூடே அலீனா வந்தாள். அவள் சொன்னதை ரூஹி ஆவடிக்குத் திருப்பிச் சொன்னாள்.

“டாக்டர் அலீனாவின் செய்தி. நோயாளியைச் சேர்த்தாச்சு. சிகிச்சை ஆரம்பிச்சாச்சு. பேசுறார். ஆவடியில இருக்கிற மகளுக்குச் சொல்லி அனுப்புங்க.”

நிறுத்தினாள். இன்னும் ஒரு வரி பாக்கி இருந்தது. குறைக்கக் கூடாது.

“நோயாளி கேட்கிறார்: அந்தப் பொண்ணு டீ குடிச்சுதா? செய்தி முடிந்தது.”

“கிடைத்தது, ஏழு,” என்றார் பாஸ்கரன். ஒத்திகை முடிந்ததென்று அறிவித்தார். ஸ்டேஷன்கள் ஒவ்வொன்றாக விடைபெற்றன. அவளை அழைத்துப் போக வண்டி வருமென்றார்கள்.

டீயில் ஆடை படிந்திருந்தது. ஒரு எறும்பு மிதந்தது. அதை விரலால் எடுத்துவிட்டு, கடைசிச் சொட்டுவரை குடித்தாள். வாக்கிடாக்கியை வாயருகே கொண்டுபோய், பொத்தானை அழுத்தாமல் சொன்னாள்:

“குடிச்சிட்டேண்ணா.”