எக்ஸில் வந்த தண்ணீர்

ப்ரயித்னோ வாத்தியார் கரும்பலகையில் எழுதிய எக்ஸிலிருந்து முதன்முதலாகத் தண்ணீர் வந்தது 2006 செப்டம்பரில், ஒரு செவ்வாய்க்கிழமை, எட்டாம் வகுப்பு பி பிரிவில். 3x + 7 = 22 என்பது கணக்கு. மூன்றுக்கும் கூட்டல் குறிக்கும் நடுவிலிருந்து கசியத் தொடங்கி, முதல் வரிசைப் பிள்ளைகளின் செருப்பு நனைகிற வரைக்கும் வந்தது. ஆற்றுத் தண்ணீரின் வாடை. கெண்டைக்குஞ்சு போல ஏதோ ஒன்றும் விழுந்ததாக ஒரு பெண் சொன்னாள். அதை நிரூபிக்க முடியவில்லை. எக்ஸ் என்பது ஐந்து என்று விடை எழுதியதும் தண்ணீர் நின்றுவிட்டது. வாத்தியார் துடைப்பம் கொண்டுவரச் சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போனார்.

காரணம் ஊருக்கே தெரியும். அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, ரீசார்ஜ் கடை வைத்திருக்கும் லஸ்த்ரிக்கு வாத்தியார் ஒரு குறுஞ்செய்தி அனுப்பினார். என்னைக் கல்யாணம் செய்துகொள்ளச் சம்மதமா என்று, எழுத்துப்பிழை இல்லாமல், கேள்விக்குறி வைத்து. இருபது நிமிடம் கழித்து பதில் வந்தது. ஒரே எழுத்து: x.

எங்கள் பேச்சில் கலி என்று ஒரு சொல் உண்டு. மூன்று கலி நான்கு பன்னிரண்டு என்றால் அது பெருக்கல். கூடவே, 'இருக்கலாம், பார்க்கலாம்' என்பதற்கும் கலிதான். நூற்றறுபது எழுத்துக்குள் உலகத்தையே அடைக்க வேண்டியிருந்த காலத்தில் இளசுகள் கலி என்று முழுதாக அடிக்காமல் பெருக்கல் குறிக்குப் பதிலாக ஓர் எக்ஸ் போட்டார்கள். இது வாத்தியாருக்குத் தெரியாது. விளையாட்டு ஆசிரியர் ஹர்வானிடம் கேட்டார். "விடைத்தாள்ல நீங்க போடுறதுதான் சார் அது. தப்புன்னு அர்த்தம்" என்றார் ஹர்வான், ஈவிரக்கமில்லாமல். பிள்ளைகளிடம் யாருக்கோ நடந்ததுபோலச் சுற்றிவளைத்துக் கேட்டார். "அது 'பாக்கலாம்' சார். அந்த ஆளு நீங்கதானே?" என்றார்கள். வாத்தியாருக்கோ எக்ஸ் என்றால் கண்டுபிடிக்க வேண்டியது, அவ்வளவுதான். அவள் மனசு ஒன்று, தன் தலையெழுத்து ஒன்று, தெரியாதவை இரண்டு. கையில் இருப்பது ஒரே சமன்பாடு. இரண்டாவது சமன்பாடு தானாக வரட்டும் என்று காத்திருந்தார். பயந்தாங்கொள்ளிக்குக் கணிதமும் ஒரு போர்வைதான்.

கலி என்றால் ஆறு என்றும் ஓர் அர்த்தம் இருப்பது மட்டும் ஒருவர் நினைவுக்கும் வரவில்லை. குனுங் கிடுல் என்கிற எங்கள் சுண்ணாம்பு மலைப்பக்கம் ஆறு கிடையாது. பெய்கிற மழையெல்லாம் சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கி, அடிவழியாகவே கடலுக்குப் போய்விடும். ஆகஸ்ட் வந்தால் தண்ணீர் லாரிக்குத் தவம் கிடப்போம். மனிதர் மறந்ததை எழுத்து மறக்கவில்லை.

அடுத்த கோடையில் தலைமையாசிரியர் சுகிமான் ஒரு பலகையை வேப்பமரத்தடிக்கு நகர்த்தி, கீழே சிமெண்ட் தொட்டி கட்டினார். காலையில் வாத்தியார் ஒரு சமன்பாட்டை எழுதுவார். மாலை வரை யாரும் அதற்கு விடை காணக்கூடாது. முப்பத்தெட்டுக் குடும்பம் அதில் தண்ணீர் பிடித்தது. இருபடிச் சமன்பாட்டில் வேகம் அதிகம், ஆனால் கலங்கலாக வந்தது. ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒரு டம்ளர் குடித்துவிட்டு, 'பாடத்திட்டம் முடிக்கப்படவில்லை' என்று மட்டும் எழுதிவிட்டுப் போனார். அது உண்மைதான். அந்த ஏழு வருடத்துப் பிள்ளைகள் சமன்பாட்டை அழகாக அமைப்பார்கள். முடிக்கச் சொன்னால் ஜன்னலைப் பார்ப்பார்கள்.

வரிசையில் லஸ்த்ரியும் நிற்பாள், இரண்டு நீல வாளியோடு. வாத்தியார் அவளைப் பார்த்துத் தலையை ஆட்டுவார். அவளும் ஆட்டுவாள். அவ்வளவோடு சரி. இதில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொண்டது. கைப்பேசியில் வந்த அந்த எக்ஸுக்கு விடை கிடைத்துவிட்டால் மற்ற எக்ஸெல்லாம் வற்றிவிடும் என்று ஊரார் கணக்குப் போட்டிருந்தார்கள். கணக்கு அறியாதவர்கள் போட்ட கணக்கு. ஆனாலும் தப்பென்று சொல்ல வாத்தியாரால் முடியவில்லை. ஊருக்காகத் தியாகம் செய்கிறோம் என்று நினைத்துக்கொள்வது அவருக்கும் வசதியாக இருந்தது.

ஏழாவது கோடையில், ஒரு வியாழக்கிழமை காலை, சனிக்கிழமை வோனோசாரியிலிருந்து ஒரு சிமெண்ட் வியாபாரி லஸ்த்ரியைப் பெண் கேட்டு வரப்போகிறார் என்ற சேதி வரிசையில் பரவியது. வகுப்பில் இருந்த வாத்தியார் சுண்ணக்கட்டியோடு வெளியே வந்தார். முகம் பேயறைந்தது போல இருந்தது. வரிசையை நிர்வகிக்கும் ஜுமினா அம்மாள் குறுக்கே நின்றாள்.

"கேளுங்க வாத்தியாரே, நான் வேணாங்கல. மழை வந்தப்புறம் கேளுங்க."

"மழை நவம்பர்லதான் வரும். அவரு சனிக்கிழமையே வராரு."

"சிமெண்ட் மழையில நனைஞ்சா கெட்டுடும், மனுஷன் கெட்டுட மாட்டாரு. பொறுங்க!"

வாத்தியார் ஏழு வருடம் பொறுத்தவர். இந்த முறை பொறுக்கவில்லை. லஸ்த்ரி நின்ற இடத்துக்கே போய், நாற்பது பேர் பார்க்க, இளையவளைக் கூப்பிடும் 'டிக்' போட்டுக் கேட்டார்: "டிக், அன்னிக்கு நீங்க அனுப்புன எக்ஸுக்கு என்ன அர்த்தம்?"

லஸ்த்ரி வாளியைக் கீழே வைத்து, மூத்தவரைக் கூப்பிடும் 'மாஸ்' போட்டே பதில் சொன்னாள். "அதுக்கு 'பாக்கலாம்'னு அர்த்தம், மாஸ். ஒருத்தி பாக்கலாம்னு சொன்னா இன்னொரு தடவை கேக்கணும். சந்தையில வெங்காயம் வாங்குறவன்கூட ரெண்டு தடவை கேப்பான்." அவள் தொட்டியைக் கைகாட்டினாள். "ஏழு வருஷமா இந்தத் தண்ணியிலதான் சமைச்சுச் சாப்பிடுறேன். ஒவ்வொரு வாளி நிறையும்போதும், இன்னிக்குக் கேட்டுடுவாரு, இன்னிக்குக் கேட்டுடுவாருன்னு நெனைப்பேன். நீங்க என்னடான்னா தலையை ஆட்டுறீங்க!"

வாத்தியாருக்கு அழுகை வந்தது. சுண்ணக்கட்டிக் கையாலேயே துடைத்துக்கொண்டதில் முகமெல்லாம் வெள்ளை. "சம்மதமா?" என்றார், இரண்டாம் தடவையாக.

"அடியே லஸ்த்ரி, பதிலை அப்புறம் சொல்லுடி!" என்று ஜுமினா அம்மாள் அலறினாள். "என் வாளி இன்னும் பாதிகூட நிறையல!"

லஸ்த்ரி காத்திருந்தாள். ஜுமினா அம்மாளின் வாளி விளிம்பு வரைக்கும் நிறைந்தது. அதற்கு ஆன இரண்டு நிமிடம் ஏழு வருடத்தைவிட நீளம் என்று வாத்தியார் பின்னாளில் எல்லோரிடமும் சொல்வார். பிறகு அவள் "சரி" என்றாள். தண்ணீர் நின்றது. பலகையில் 2x – 9 = 31 என்று காய்ந்த சுண்ணம் மட்டும் இருந்தது. முப்பத்தொரு வாளிகள் காலியாகத் திரும்பின.

சனிக்கிழமை வந்த சிமெண்ட் வியாபாரி லாரித் தண்ணீரில் போட்ட தேநீரைக் குடித்துவிட்டு நாகரிகமாகப் போய்விட்டார். கல்யாணத்துக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு பாட்டில் தண்ணீர் கொண்டுவந்தார்கள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான். இரண்டு கோடை வரைக்கும் அந்த வீட்டைக் கடக்கும்போதெல்லாம் யாராவது காலி வாளியைத் தட்டி ஓசை எழுப்பிவிட்டுப் போவார்கள். லஸ்த்ரி அதற்கெல்லாம் அசரவில்லை. வாத்தியாருக்குக் கன்னத்தில் சதை வைத்தது. பிள்ளைகள் கணக்கை முடிக்கக் கற்றுக்கொண்டார்கள்.

மூன்றாவது கோடையில், புதிதாக மாற்றலாகி வந்த இயற்பியல் ஆசிரியை எண்டாங் எழுதிய ஓர் எக்ஸ் கசிந்தது. யாருக்கு என்ன அனுப்பினாளோ, என்ன பதில் வந்ததோ, ஒருவரும் கேட்கவில்லை. சுகிமான் பலகையை வேப்பமரத்தடிக்கு நகர்த்தினார். அந்தப் பெண்ணிடம் யாரும் புத்தி சொல்லக்கூடாது என்று ஆசிரியர் கூட்டத்தில் உத்தரவு போட்டார். அப்போது வாத்தியாரைத்தான் பார்த்தார். மறுநாள் காலை வரிசை சாலை வரைக்கும் நீண்டது. லஸ்த்ரியின் முறை வந்தபோது அவள் பலகையைப் பார்த்தாள், ஜன்னல் வழியே வகுப்பில் நிற்கும் எண்டாங்கின் வாடிய முகத்தைப் பார்த்தாள்.

"பாவம்" என்றாள்.

தண்ணீர் நன்றாகவே வந்துகொண்டிருந்தது. இரண்டு வாளியையும் நிரப்பிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.