சித்தி திரும்பும் தேதி (மாற்றத்துக்கு உட்பட்டது)

1

பிப்ரவரி 25, செவ்வாய். இன்று ஒரு சின்னத் தப்பு செய்தேன். சித்தி தன் மகள் வீட்டுக்குப் போகிற விமான டிக்கெட்டில், திரும்பும் தேதியை செப்டம்பர் 5 என்று போட்டுவிட்டேன். சுற்றுலா விசாவில் மூன்று மாதம்தான் இருக்கலாம். அங்கே போய் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்க விண்ணப்பிக்கப் போகிறாள் என்பதால், இன்னும் கேட்கவே கேட்காத அனுமதியையும் சேர்த்துக் கூட்டிவிட்டேன். திருத்த வேண்டும்.

இந்தக் கதை அந்தக் குறிப்பிலிருந்துதான் வந்தது. மாலை வகுப்பு ஆசிரியை, "இந்த வாரம் நீங்க செஞ்ச ஒரு தப்பிலிருந்து கதை எழுதுங்க" என்றார். மற்றவர்கள் துரோகம், கோழைத்தனம் என்று கனமாக யோசித்துக்கொண்டிருந்தார்கள். என்னிடம் இருந்தது ஒரு தேதி மட்டும்.

டிக்கெட் போட்டுத் தரும் அக்கா திரையைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏம்மா, அனுமதியே ஜூன் வரைக்கும்தான். செப்டம்பர்ல திரும்புறேன்னு காட்டினா இங்க ஏர்போர்ட் கவுன்ட்டர்லயே நிறுத்திடுவாங்க. மூணு மாசத்துக்குள்ள ஒரு தேதி போடு. மாத்துற வசதியோட எடு. நீட்டிப்பு கிடைச்சா தள்ளிக்கலாம். கிடைக்கலன்னா மூட்டையக் கட்டிட்டு அதே நாள்ல வந்துடலாம்."

ஜூன் 6 என்று மாற்றினோம். தப்பு தீர்ந்தது. கதையும் அங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

2

முதல் தொடக்கம்: அந்தத் தையல் கடையில் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து இருபத்தெட்டு வருடமாக

(விட்டுவிட்டேன். சித்தப்பா உட்கார்ந்து வெட்ட மாட்டார். நின்றுகொண்டுதான்.)

இரண்டாவது தொடக்கம்: காலம் ஒரு கத்தரிக்கோல் என்றால்

(இதை எழுதியது நானில்லை என்று சொல்லிவிடலாமா?)

மூன்றாவது: அவர் வெட்டுவார், அவள் தைப்பாள்.

இது நிற்கும். கடை ஒரே அறை. நடுவில் வெட்டு மேசை, மூலையில் சித்தியின் மெஷின், மேலே ஒரு பக்கம் மட்டும் கறுத்துப்போன டியூப்லைட். வெட்டிய துணிகளைச் சித்தப்பா சுருட்டி, நூலால் கட்டி, ரசீதைச் செருகிச் சித்தி பக்கம் தள்ளுவார். ரசீதில் டெலிவரி தேதி இருக்கும். அந்தத் தேதியில் அந்தக் கடையில் எந்தத் துணியும் தயாராக இருந்ததில்லை. வாடிக்கையாளர்களுக்கும் அது தெரியும். வெள்ளிக்கிழமை என்று எழுதியிருந்தால் செவ்வாய்க்கிழமைதான் வருவார்கள். அப்போதும் சித்தப்பா, "காஜா மட்டும் பாக்கி, உக்காருங்க" என்பார்.

[வாசகருக்கு: இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும். நான் எதையும் ஒளித்து வைக்கிற ஆளில்லை.]

3

டிக்கெட்டைப் பார்த்ததும் சித்தி ஜூன் 6 மேல் விரலை வைத்துச் சிரித்தாள். "இது ரசீதுல எழுதுற தேதிதானே? சரி சரி."

சித்தப்பாவோ அதைச் சுவர் காலண்டரில் வட்டம் போட்டுவிட்டார்.

நீட்டிப்பு விஷயம் சித்திக்கும் அவள் மகளுக்கும் எனக்கும்தான் தெரியும். "நான் ஏறினப்புறம் நீயே பக்குவமா சொல்லிடு" என்று சித்தி என் தலையில் கட்டியிருந்தாள்.

ஒரு வாரம் கழித்துப் போனபோது அலமாரியின் கீழ்த்தட்டில் புதிதாகத் துணிச் சுருட்டுகள். எல்லாம் கை வைத்த ரவிக்கைகள். சித்தப்பாவுக்குக் கை பொருத்த வராது. ஒரு முறை முயன்று, இடது கையை வலது பக்கம் வைத்துத் தைத்தது குடும்பத்தில் இன்றும் பேசப்படுகிறது.

"இதெல்லாம் யார் தைக்கிறது சித்தப்பா?"

"உங்க சித்திதான். வந்து நாலு நாள் ரெஸ்ட் எடுக்கட்டும். ஜூன் 16 டெலிவரின்னு எழுதிக் குடுத்திருக்கேன்."

"அவங்க ஒருவேளை லேட்டா வந்தா?"

"எப்படிம்மா லேட்டாகும்? விமானம் என்ன நம்ம கடையா? எழுதின தேதின்னா எழுதின தேதிதான்."

4

வகுப்பில் இந்த இடம் வரை வாசித்தேன். பின் வரிசையிலிருந்த பல் டாக்டர் கையைத் தூக்கினார். "பாத்திரம் ஒட்டல. வாழ்க்கையில ஒரு தேதியைக்கூடக் காப்பாத்தாத மனுஷன், டிக்கெட்ல இருக்குற தேதியை மட்டும் எப்படி நம்புவாரு?"

எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. ஒருவேளை சித்தப்பாவுக்கு எல்லாம் தெரிந்திருக்கலாம் என்று ஒரு வடிவம் எழுதிப் பார்த்தேன். அதில் அவர் ஜன்னல் பக்கம் திரும்பி, தொண்டை கரகரக்க

(அடித்துவிட்டேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பினால் எதிர்க்கடை ஏசி மெஷினிலிருந்து தண்ணீர் சொட்டுவதைப் பற்றித்தான் பேசுவார்.)

மறுபடி கடைக்குப் போய் அந்த ரசீதுகளைப் பார்த்தேன். சித்தப்பா வழக்கமாகத் தேதியைக் கிறுக்குவார். 6-ஆ 8-ஆ என்று சண்டை வந்தால் அவருக்குச் சாதகம். இவற்றில் ஒவ்வொரு 16-உம் அச்சடித்தது மாதிரி இருந்தது. முதல் தடவையாக அவர் ஒரு தேதியை மனதார எழுதியிருக்கிறார்.

டாக்டர் சார், இதற்கு மேல் என்னால் நிரூபிக்க முடியாது.

5

நேற்று சித்தி பெட்டி அடுக்கினாள். பிறக்கப்போகும் பேரக்குழந்தைக்குத் தைத்த சட்டைகளே பாதிப் பெட்டி. நான் கதையை அவளிடம் கொடுத்தேன். மடித்துக்கொண்டே படித்தாள்.

"என்னடி, என்னை இவ்வளவு கல்நெஞ்சக்காரியா எழுதியிருக்க?"

"உண்மையைத்தானே எழுதினேன். நீங்களே சொல்லாம என்கிட்ட ஏன் தள்ளுறீங்க?"

சித்தி ஒரு குட்டிச் சட்டையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"சண்டை போடுற மனுஷனா இருந்தா சொல்லிடுவேன். இவரு 'சரி'ம்பாரு. அவ்வளவுதான். 'சரி'ன்னுட்டு கத்தரியை எடுத்து எதையாவது வெட்ட ஆரம்பிப்பாரு. அதைப் பாத்துட்டு நான் எப்படி வண்டி ஏறுவேன்?"

"நிஜமா எப்ப வருவீங்க சித்தி?"

"எனக்கென்னடி தெரியும்? குழந்தை பொறக்கணும், அவ எழுந்து நடமாடணும். நீட்டிப்புக் கேக்கணும், அவன் குடுக்கணும். ஒரு மாசத்துல எனக்கே அலுத்துப்போய் ஓடி வந்தாலும் வருவேன். போய்ப் பாத்தாத்தானே தெரியும்."

கதையைத் திருப்பிக் கொடுத்தாள். "ஆமா, இது எப்படி முடியுது?"

6

மூன்று முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன்.

அ) நீட்டிப்பு மறுக்கப்படுகிறது. சித்தி ஜூன் 6 இறங்குகிறாள். ஜூன் 16 அன்று, வரலாற்றில் முதல்முறையாக, எல்லாம் தயார். வாடிக்கையாளர்கள் வழக்கம்போல நான்கு நாள் கழித்து வருகிறார்கள்.

ஆ) நீட்டிப்பு கிடைக்கிறது. சித்தப்பா வீடியோ காலில் சித்தியைக் கேட்டுக்கேட்டுக் கை பொருத்தக் கற்றுக்கொள்கிறார். [வகுப்பில் எல்லோருக்கும் இதுதான் பிடித்தது. அதனாலேயே எனக்குப் பயம்.]

இ) சித்தப்பாவும் பாஸ்போர்ட் எடுத்துக் கிளம்புகிறார். [சித்தியிடம் சொன்னேன். "அப்புறம் கடையை யாரு, உங்க டீச்சரா பாத்துப்பாங்க?" என்றாள்.]

எதைப் போட? திரும்பும் தேதியைக் காட்டினால்தான் ஏற்றுவோம் என்று கவுன்ட்டரில் நிற்பவர்களைப் போல நீங்களும் முடிவைக் கேட்பீர்கள் என்று தெரியும். கேட்பது நியாயம்தான். உங்களுக்காக "அ" என்று போட்டுக்கொள்கிறேன். மாற்றும் வசதியோடு. உங்களுக்கு வேறு தேதி தோதாக இருந்தால் தள்ளிக்கொள்ளுங்கள்.

ஆனால் என் தப்பு செப்டம்பர் 5 இல்லை என்று இப்போது படுகிறது. ஜூன் 6 என்று திருத்திக் கொடுத்தபோது, அது எப்படிப்பட்ட தேதி என்று ஒருவரிடம் மட்டும் சொல்லாமல் விட்டேன். அவர் அதை நம்பி நாற்பது கைகள் வெட்டி வைத்திருக்கிறார். சித்தி ஏறின பிறகு சொன்னால், அந்த "சரி"யைக் கேட்க அவள் அங்கே இருக்க மாட்டாள். அவருக்கும் அதைச் சொல்ல எதிரில் ஆள் இருக்காது.

மார்ச் 11, செவ்வாய். நாளை மறுநாள் விமானம்.

நாளை செய்ய வேண்டியது: டிக்கெட்டை இரண்டு பிரதி எடுக்க வேண்டும். ஒன்று சித்தியின் கைப்பைக்கு. இன்னொன்றில் ஜூன் 6-க்குப் பக்கத்தில் "மாறலாம்" என்று பேனாவால் தெளிவாக எழுதி, காலையில் கடை திறந்ததும் சித்தப்பா கையில் கொடுக்க வேண்டும். சித்தி மெஷினில் உட்கார்ந்திருக்கும்போதே.