லோபெட்டி நகர்ந்த ஒரே தடவை

எங்க காலேஜ் அமெரிக்கன் ஃபுட்பால் டீம்ல, பந்தைக் கையில இடுக்கிக்கிட்டு ஓடிவர்ற எதிராளியை அதிகமா மடக்கிப் பிடிச்சவன் நான்தான். பேப்பர்ல என் படம் வரும். அந்தப் பெருமையில கொஞ்சம் தலைகால் தெரியாமத்தான் திரிஞ்சேன், இல்லைன்னு சொல்ல மாட்டேன்.

எனக்கு முன்னாடி நிக்கிறவன் லோபெட்டி. டோங்கா தீவுக்காரக் குடும்பம், பிறந்து வளர்ந்தது அமெரிக்காவுல, எங்க யூட்டா மாநிலத்துலதான். நூத்தம்பது கிலோ. அவன் இடத்துக்கு நோஸ் டேக்கிள்னு பேரு. எதிராளி பந்தை எடுக்கிற இடத்துக்கு நேரா, மூக்குக்கு மூக்கு குனிஞ்சு நிக்கணும். ஒருத்தன் தள்ளினா அசையவே மாட்டான்னு ஒவ்வொரு டீமும் அவன் மேல ரெண்டு பேரை ஏவிவிடும். அந்த ரெண்டு பேரும் அவனோட மல்லுக்கட்டிக்கிட்டிருக்கிறப்ப என்னைத் தடுக்க ஆளே இருக்காது. பந்தோட ஓடிவர்றவனை நான் போய் அமுக்கிடுவேன். கைதட்டு எனக்கு. அவன் பேரை மைக்கில சொன்னதே கிடையாது. கேட்டா, "நீ ஓடு அணிலு, நான் நிக்கிறேன்"னு சிரிப்பான், தடிமாடு.

நாலாம் வருஷம் கடைசி ஆட்டத்துக்கு அவன் அம்மா செய்னி வந்தாங்க. ஆட்டம் நடக்கிற சனிக்கிழமையில லீவு கிடைக்காததால அதுவரைக்கும் ஒரு ஆட்டம்கூடப் பார்த்ததில்லை. அன்னிக்குக் காலையில லோபெட்டிக்குச் சாப்பாடே இறங்கல. அவன் தட்டை ஒதுக்கி நான் பார்த்ததே இல்லை. பந்துப் பக்கமே போகாம மகன் சும்மா நிக்கிறான்னு அம்மா நினைச்சுக்குவாங்களேன்னு புலம்பினான். எனக்கு மனசு கேக்கல.

மழையும் சேறுமா ஆட்டம். மூணு நிமிஷம் பாக்கி, நாங்க மூணு பாயிண்ட் முன்னாடி. அவன் காதுல சொன்னேன், "இந்த ஒரு தடவை அந்த ரெண்டு பேரையும் விட்டுட்டுப் பக்கவாட்டுல நழுவு. பந்து எறியறவனைப் பிடி. மைக்கில உன் பேர் வரட்டும். நடுவை நான் பார்த்துக்கிறேன்."

வேண்டாம்னான். உங்கம்மா பார்க்கட்டும்டான்னேன். அந்த வார்த்தைக்கு மடங்கிட்டான்.

நழுவினான். ஆனா அவங்க பந்தை எறியல. இன்னொருத்தன் கையில கொடுத்து நடு வழியா ஓடவிட்டாங்க. கை சும்மாயிருந்த ரெண்டு தடியனுங்களும் நேரா என் மேல வந்தானுங்க. மல்லாக்க விழுந்தேன். பந்தோட ஓடினவன் கடைசிக் கோட்டைத் தாண்டித்தான் நின்னான். அதுக்கு ஆறு பாயிண்ட். தோத்துட்டோம்.

ஆட்டம் முடிஞ்சு வந்தா, வெளியில அவன் அம்மா நின்னுக்கிட்டிருந்தாங்க. லோபெட்டி முந்திக்கிட்டான். "நான்தாம்மா தப்பு பண்ணிட்டேன். இடத்தை விட்டு நகர்ந்துட்டேன்." என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாதுன்னு என் பக்கம் திரும்பவேயில்லை.

அம்மா அவனை விட்டுட்டு என் பக்கம் வந்தாங்க. என் சட்டையையே பார்த்தாங்க. ஒரு ஹோட்டல்ல இருபது வருஷமா துணி வெளுக்கிறவங்க. தோளைப் பிடிச்சு என்னைத் திருப்பினாங்க.

"அடுத்தவனைப் பிடிச்சு விழுந்தா முன்னாடிதான் சேறாகும். முதுகுல இருக்குன்னா உன்னை யாரோ தள்ளியிருக்கான். இப்படி விழுந்தது ஒரு தடவைதானா?"

"ஒரு தடவைதாம்மா. இவன் நகர்ந்தப்ப. நகரச் சொன்னது நான்."

"மத்த நேரமெல்லாம்?"

"இவன் நின்னான். நாலு வருஷமா என் மேல ஒருத்தனையும் கை வைக்க விடல. எனக்கு வந்த பேரெல்லாம் இவனோடதும்மா."

அம்மா மகன் பக்கம் திரும்பினாங்க. ரெண்டு தோள்லயும் சட்டை பிய்ஞ்சு தொங்கிக்கிட்டிருந்தது. அதைத் தடவிப் பார்த்தாங்க. அவன் குனிஞ்சான். அவங்க தீவு வழக்கப்படி அவன் கன்னத்துல மூக்கை வச்சு ஆழமா மூச்சிழுத்தாங்க.

"ரெண்டு பேரு சேர்ந்துமா உன்னை அசைக்க முடியல?"ன்னு கேட்டாங்க.

அவ்வளவு பெரிய ஆளு, ஆமான்னுகூடச் சொல்ல முடியாம அழுதான்.