உரக்கப் படிக்காதீர்கள், மிளகு வந்துவிடும்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் கணவருக்குப் புதுப் பெயர் யோசிக்கச் சோம்பல். அதிலிருந்து வந்தது.

தேவாரம் என்கிற ஊரில், எங்கள் வீட்டில் ஒரு நாய். மலைமேல், மலையாளம் புழங்கும் பக்கம், அவர் வேலை பார்த்த ஏலத்தோட்டத்தில் ஒரு நாய். இரண்டுக்கும் மிளகு என்றே பெயர் வைத்தார். வீட்டு மிளகு கறுப்பு, சரி. மலை மிளகு நல்ல செவலை. "இதுக்கு எப்படி அந்தப் பேரு பொருந்தும்?" என்று போனில் கேட்டேன்.

"பழுத்த மிளகு செவப்பாத்தானடி இருக்கும். காயப்போட்டாத்தான் கறுப்பு" என்றார்.

இந்த வாதத்தை என்னால் இன்றுவரை வெல்ல முடியவில்லை.

வாசகரே, ஒரு வேண்டுகோள். இதை மனதுக்குள்ளேயே படியுங்கள். (நீங்கள் எங்கோ இருக்கிறீர்கள், தெரியும். இருந்தாலும்.)

2

முதல் தொடக்கம்: சித்திரை வெயிலில் ஒரு ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு… வேண்டாம். அன்று மழை.

இரண்டாவது: மரணம் என்பது… இதுவும் வேண்டாம். அது என்னவென்று எனக்குத் தெரியவில்லை. நாய்களைப் பற்றித்தான் கொஞ்சம் தெரியும்.

மூன்றாவது, நடந்தது நடந்தபடி: என் கணவர் ஈஸ்வரபாண்டி தோட்டத்திலேயே நெஞ்சுவலியில் போய்விட்டார். காரியங்கள் எல்லாம் முடிந்த பிறகு என் கொழுந்தன் தங்கப்பாண்டியன் மலை மிளகை ஜீப்பில் கொண்டுவந்து இறக்கினார்.

"அண்ணன் படுத்த கட்டிலுக்கு அடியவிட்டு வெளிய வரமாட்டேங்குது மதினி. சோறும் திங்கல. நீங்க வச்சிக்கிடுங்க."

வைத்துக்கொண்டேன். சாயங்காலம் தட்டில் சோறு போட்டு, அவர் கூப்பிடும் அதே மாதிரி, "ஏலே மிளகு!" என்றேன்.

பின்கட்டிலிருந்து ஒன்று வந்தது. வாசலிலிருந்து ஒன்று வந்தது. தட்டு கவிழ்ந்தது. வீட்டு மிளகின் காது கிழிந்தது. விலக்கப் போன என் மணிக்கட்டில் தையல்.

3

கதை என்றால் யாராவது கெட்டவராக இருக்க வேண்டும். மலை மிளகை அப்படி எழுதிப் பார்த்தேன். சிவந்த கண்களுடன் அது உறும… பொய். உறுமவே இல்லை. தன்னைக் கூப்பிட்டார்கள், வந்தது. மற்றதும் அப்படித்தான்.

காதைத் தைத்த கால்நடை டாக்டர் சுபாஸ்ரீ விடாமல் பேசினாள். "தட்டு தனித்தனியா இருக்கட்டும்மா. நடுவுல ஒரு பலகையச் சாத்தி வைங்க. ரெண்டையும் மூஞ்சிக்கு மூஞ்சி நிக்க விடாதீக. ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒண்ணு, இந்தப் பக்கம் ஒண்ணு, ஒரே தெசையில நடத்திக் கூட்டிட்டுப் போங்க. சண்ட வந்தா கையக் குடுக்கக் கூடாது. வாளித் தண்ணிய ஊத்துங்க."

அந்தப் பக்கம் கயிறு பிடித்து நடக்கப் பக்கத்து வீட்டு சோணையம்மாள் வந்தாள். "சாமி ஊர்வலமே இம்புட்டு மெதுவாப் போகாது ஆத்தா" என்று ரோட்டைத் தாண்டிக் கத்துவாள். டீக்கடை முழுக்கச் சிரிக்கும். ஆனால் பலித்தது! நாளாக ஆக இடைவெளி குறைந்தது. சாக்கடை ஓரத்தில் ஒன்று மோந்த இடத்தை இன்னொன்று மோந்தது. உறுமல் இல்லை.

பெயரைச் சொன்னால் மட்டும் திரும்பவும் போர்.

"அப்ப ஒண்ணுக்குப் பேர மாத்துங்க" என்றாள் டாக்டர்.

"அவுக வச்ச பேரும்மா அது."

"அவுக வச்ச பேருதான்மா கடிச்சிக்கிடுது."

அன்றிலிருந்து கொஞ்ச நாளைக்கு வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை.*

* இந்தக் கதையை எழுத உட்கார்ந்ததற்குக் காரணமே இதுதான். காகிதத்தில் மிளகு என்று எழுதினால் இரண்டும் தூங்குகின்றன. மிளகு. மிளகு. பாருங்கள், ஒரு காதுகூட அசையவில்லை!

4

தங்கப்பாண்டியன் வந்து என் மணிக்கட்டைப் பார்த்தார்.

"ஞாயித்துக்கெழம வண்டிய எடுத்துட்டு வாறேன் மதினி. மேகமலையில எஸ்டேட் லைன் வீட்டுல ஒருத்தரு நாய் கேட்டாரு. அங்கன குடுத்துருவோம்."

"ரெண்டும் ஒரே வாசல்ல சண்டையில்லாம நின்னா?"

"நின்னா வெறும் வண்டியாப் போறேன். நிக்காது மதினி."

ஆகவே இது ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிய வேண்டிய கதை. மலை மிளகுக்குக் கிராம்பு என்று பேர் வைத்துக் கூப்பிட்டேன். சுவரைப் பார்த்தது. டைகர் என்றேன். கொட்டாவி விட்டது. எழுதுகிறவளுக்கு இதில் ஒரு வசதி உண்டு. 'கிராம்பு வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வந்தது' என்று எழுதிவிட்டால் முடிந்தது. எழுதினேன். நிமிர்ந்தேன். அது சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

5

இனி வருவதை எழுதும்போது என் கையெழுத்து ஓட்டமெடுக்கிறது.

சோணையம்மாளின் மகன் இனியன் கட்டப்பனையில் பேக்கரி வேலையில் இருக்கிறான். அங்கே போனதும் மலையாளம் பேச ஆரம்பித்துவிட்டான். அவனைக் கேலி செய்ய இவளும் போனில் இழுத்து இழுத்துப் பேசுவாள். அன்றைக்கு எங்கள் வாசலில் நின்று, "எந்தா மோனே, சோறு உண்டோ?" என்றாள்.

பலகைக்குப் பின்னால் ஒரு சத்தம். மலை மிளகு பலகையைத் தாண்டிக் குதித்து, வீட்டு மிளகைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், நேராகப் போய் அவள் காலடியில் உட்கார்ந்தது. வால் தரையைப் பெருக்கியது.

"ஏத்தா நாகஜோதி! ஒன் நாய் எனக்கு மகனா வந்து நிக்குதுத்தா!"

இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். "மோனே." அது எழுந்து அவள் முகத்தை நக்கப் பார்த்தது. வீட்டு மிளகு கண்ணைத் திறந்துவிட்டு மூடிக்கொண்டது.

மலையில் அவர் இதை அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறார். மிளகு என்பது நாலு பேர் முன்னால் கூப்பிட்ட, என்னிடம் போனில் சொன்ன பெயர். தனியே இருக்கும்போது, மலையாளத்தில், மகனே. என்னிடம் சொன்னதில்லை. எங்களுக்குப் பிள்ளை… (இந்த வாக்கியத்தை முடிக்கப் போவதில்லை.)

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். கதையில் அது நன்றாக இருக்கும். ஆனால் நான் சோணையம்மாளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவருக்குப் பெயர் யோசிக்கத் தெரிந்திருந்தது!

பிறகு தினமும் பழக்கினோம். அவள் மோனே என்பாள், செவலை மட்டும் போகும். நான் மிளகு என்பேன், கறுப்பு மட்டும் வரும். செவலை அரைமனதாக எழும், அவள் உடனே மோனே என்பாள், உட்கார்ந்துவிடும்.

6

இன்று ஞாயிறு. பலகையை எடுத்துவிட்டேன். வாசலில் இரண்டும் கிடக்கின்றன, ஒரே வெயில் துண்டில். தண்ணீர் வாளி என் பக்கத்தில்.

சிக்கல் ஒன்று. சோணையம்மாள் காலையிலேயே கட்டப்பனைக்கு, நிஜ மோனேயைப் பார்க்க, பஸ் ஏறிவிட்டாள்.

இன்னொரு சிக்கல். தங்கப்பாண்டியனுக்கு இந்தப் புதுப் பெயர் தெரியாது. போன் செய்தேன், எடுக்கவில்லை. வண்டியை விட்டு இறங்கியதும் மிளகு என்றுதான் கூப்பிடுவார். அவருக்கு அண்ணன் குரல்.

முடிவுகள்: (அ) இரண்டும் பாய்கின்றன, வாளி கவிழ்கிறது, ஜீப் செவலையுடன் போகிறது. (ஆ) கறுப்பு மட்டும் எழுந்து போகிறது, ஜீப் வெறுமையாகத் திரும்புகிறது. (இ) அந்தக் குரலைக் கேட்டு இரண்டும் வேறு ஒருவரைத் தேடிக்கொண்டு ரோட்டுக்கு… இதை எழுதமாட்டேன்.

(ஆ) நடக்க வேண்டுமென்றால், அவர் வாய் திறப்பதற்குள் யாராவது செவலையைக் கூப்பிட வேண்டும். இத்தனை நாளும் சோணையம்மாள்தான் அந்த வார்த்தையைச் சொன்னாள். என் வாயிலிருந்து அது ஒருமுறையும் வந்ததில்லை. இந்தக் காகிதத்தில்தான் எழுதியிருக்கிறேன்.

ஹாரன். தெருமுனை. இரண்டு தலைகளும் நிமிர்ந்துவிட்டன.

வண்டி நின்றுவிட்டது. கதவு திறக்கிறது. வாசகரே, இப்போது உரக்கப் படிக்கலாம். நான் தொடங்குகிறேன், தடுமாறினால் மிச்சத்தை நீங்கள் சொல்லுங்கள்:

மோ