மேட்டுச் சாலைக்கு மேற்கே நட்ட அட்டைகள்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையை எழுத வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. ஜோலீன் ஹால்வர்சன் என்னிடம் கேட்டது ஒரே ஒரு பத்தி. எங்கள் ஊர் வாரப் பத்திரிகை, பள்ளி வாரியத் தேர்தலில் நிற்பவர்களுக்குத் தீப்பெட்டி அளவு இடம் ஒதுக்கி, 'உங்கள் முன்னுரிமைகள் என்ன?' என்று கேட்டிருந்தது. வெள்ளிக்கிழமை மீன் வறுவல் விருந்தில் தட்டைத் தூக்கிக்கொண்டு என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

“நீதான் ஏதோ கதையெல்லாம் எழுதுறியே. இதை எழுதிக் குடு.”

“நான் எழுதுறது தமிழ்லடீ.”

“எதுலயோ எழுதுற இல்ல? அது போதும்.”

எழுதிக் கொடுத்தேன். படித்தாள். “யாருடீ இவ? ரொம்ப நல்லவளா இருக்காளே. இவ நின்னா நானே ஓட்டுப் போட்டுடுவேன்” என்று கசக்கித் தட்டோரத்தில் வைத்தாள். பிறகு தானே ஒரு வரி எழுதி அனுப்பினாள்: 'கெட்டில் ஹாலோ பள்ளியை மூட விடமாட்டேன்.' மிச்ச இடம் வெள்ளையாகவே அச்சானது. அந்த வெள்ளையைப் பார்க்கச் சகிக்காமல்தான் எழுத உட்கார்ந்தேன்.

[ஜோலீன் பேசுவது தமிழ் அல்ல. ஆனால் இருபது வருஷமாக அவளுக்கு மருந்துக்கடையில் இருமல் மருந்து எடுத்துக் கொடுக்கிறேன், என் காதில் அவள் இப்படித்தான் விழுகிறாள். சந்தேகப்படுகிறவர்கள் நேரில் வந்து கேட்டுக்கொள்ளலாம்.]

2

கதையை எப்படித் தொடங்குவது?

'விஸ்கான்சினின் பனி மூடிய குன்றுகளுக்கு நடுவே, சிவப்புச் செங்கல்லில் ஒரு பள்ளிக்கூடம்' — வேண்டாம். காலண்டர் படம்.

'பால் டேங்கர் ஓட்டும் ஜோலீன், ஊர் விழிக்கும் முன்பே எழுந்து' — மாடு வைத்திருக்கிற ஊரில் யார்தான் எழவில்லை? இதெல்லாம் ஒரு பெருமையா!

'மூன்றாம் முறையும் தேர்தலில் நின்ற ஒரு பெண்ணின் உள்ளத்தில்' — இவள் உள்ளத்தில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. வாயில் இருப்பது மட்டும் தெரியும். அதுவே நிறைய இருக்கிறது.

சரி, நேராகவே சொல்கிறேன். கெட்டில் ஹாலோவில் ஒரு சின்னப் பள்ளி. பண்ணைகள் ஒவ்வொன்றாகக் கைமாற, பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள். அதை மூடிவிட்டு, பிள்ளைகளை மலைச்சாலை வழியாக ஆல்டர் ஃபால்ஸுக்குப் பேருந்தில் கொண்டுவரலாம் என்ற யோசனை வாரியத்தின் முன் இருக்கிறது. ஜோலீனின் இரட்டைப் பெண்கள் அங்கே இரண்டாம் வகுப்பு படிக்கிறார்கள். பள்ளியை மூடினால் பனிக்காலம் முழுக்க இருட்டில் ஏறி இருட்டில் இறங்க வேண்டும். அந்தச் சாலையில் தினமும் டேங்கர் ஓட்டுகிற ஜோலீனே தை மாசியில் முதல் கியரில்தான் இறங்குவாள். வாரியத்தில் மூட வேண்டும் என்பவர்களும் கூடாது என்பவர்களும் சரிபாதி. மீதமிருக்கும் ஒரு நாற்காலிக்குத்தான் தேர்தல்.

3

முதல் முறை நின்றபோது அவளிடம் முன்னுரிமைகள் மூட்டை மூட்டையாக இருந்தன. மதியச் சாப்பாட்டில் உறைந்துபோன பீட்சாவை ஒழிப்பது, இசை ஆசிரியர், நூலகம், கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள். கேட்டவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள், ஓட்டை வெர்ன் க்ராட்ஸுக்குப் போட்டார்கள். இரண்டாம் முறை யாரோ புத்தி சொன்னார்கள் என்று, எவருக்கும் கோபம் வராத மாதிரிப் பேசினாள். எவருக்கும் கோபம் வரவில்லை. எவரும் ஓட்டும் போடவில்லை.

இந்த முறையும் அவளை எதிர்த்து நிற்கும் இந்த வெர்ன் க்ராட்ஸை வில்லனாக்க எவ்வளவோ பார்த்தேன். கண்ணைச் சுருக்கி வைத்தேன், குரலைத் தாழ்த்தினேன். ஒன்றும் ஒட்டவில்லை. மனுஷர் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார். பனி கொட்டிய மறுநாள் ஜோலீன் வீட்டு வண்டிப்பாதையைக் கேளாமலே வந்து சுத்தம் செய்துவிட்டுப் போகிறவர். கூரை ஒழுகும் பள்ளியை வைத்துக்கொண்டு பிள்ளைகளைக் கஷ்டப்படுத்துவதைவிட மூடுவதே நல்லது என்று மனசார நம்புகிறார். அதனால்தான் அவர்மேல் எனக்கு இன்னும் எரிச்சல்.

4

மூன்றாம் முறை ஜோலீன் ஊர் முழுக்கத் தன் பெயர் போட்ட அட்டைகளை நட்டாள். ஊர் என்றால் அவளுக்கு, தான் பால் எடுக்கும் பண்ணைகள்தான். பண்ணைக்குப் போவாள், பாலை டேங்கரில் ஏற்றுவாள், காப்பி குடிப்பாள், வாசல் புல்லில் ஒரு அட்டையை நட்டுவிட்டு வருவாள். மேட்டுச் சாலைக்கு மேற்கே ஒரு வீடு பாக்கியில்லை. அட்டையை நிறுத்தும் கம்பி தீர்ந்து போய், கூச்சமே இல்லாமல் வெர்ன் கடைக்கே வாங்கப் போனாள்.

“இன்னும் கம்பியா? எங்கம்மா நடப் போற?”

“மேட்டுச் சாலைக்கு மேற்கே இன்னொரு வரிசை. அங்க பூரா என் அட்டைதான் வெர்ன். வயிறு எரியுதா?”

வெர்ன் கூரையைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். “இன்னிக்கும் பனி வரும்போல இருக்கே.”

“பேச்சை மாத்தாதீங்க.”

“ஜோலீன்... மேட்டுச் சாலைக்கு அந்தப் பக்கம் நம்ம பள்ளி வட்டாரமே இல்லம்மா. அவங்க ஓட்டு பக்கத்து ஊர்ப் பள்ளி வாரியத்துக்கு.”

“இது எப்பலேர்ந்து தெரியும் உங்களுக்கு?”

“நீ முதல் அட்டை நட்டப்பவே.”

“வாயில என்ன கொழுக்கட்டையா?”

“சொன்னா நீ சங்கடப்படுவியேன்னு...”

[பால் வண்டியின் பாதைக்குப் பள்ளி எல்லை தெரியாது. அதை நான் நம்புகிறேன். ஆனால் அத்தனை பண்ணைக்காரர்களில் ஒருவர் கூடவா சொல்லவில்லை என்று கேட்பீர்கள். நீங்கள் எங்கள் ஊரில் இருந்ததில்லை. இங்கே முகத்துக்கு நேரே மறுப்பது, விருந்தாளியை வாசலில் நிறுத்துவதற்குச் சமம்.]

கடையிலிருந்து நேரே ஆர்லின் பண்ணைக்குப் போனாள். ஆர்லின் கல்யாணம் செய்துகொள்ளாத கிழவர். அவர் வாசலில் மட்டும் இரண்டு அட்டை.

“ஆர்லின், எனக்கு உங்களால ஓட்டுப் போட முடியாதாமே?”

“முடியாதுதான்.”

“அதை ஏன் சொல்லல?”

“நீ காப்பியை நல்லா ரசிச்சுக் குடிச்சிட்டு இருந்தே. கெடுக்க வேணாம்னு பாத்தேன்.”

இந்த இடத்தில் என் முதல் வரைவில் அவள் டேங்கரில் ஏறி ஸ்டியரிங்கில் தலை வைத்து அழுதாள். நல்ல காட்சி. எழுதி முடித்து நானே மூக்கைச் சிந்தினேன். ஆனால் அவள் அழவில்லை. எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது, ஆனால் என்ன செய்வது? நடந்தது இதுதான்:

“சரி, உங்களுக்கு ஓட்டு இல்ல. உங்க தங்கச்சிக்கு இருக்கா?”

“ஈடித்தா? ஆல்டர் ஃபால்ஸ்லதானே இருக்கா. இருக்கும்.”

“போனை எடுங்க.”

“நாங்க பேசியே வருஷக்கணக்கா ஆச்சு. ஒரு டிராக்டர் விஷயத்துல...”

“இன்னிக்குப் பேசுங்க. நான் பக்கத்துலயே நிக்கிறேன்.”

அந்த வாரம் மேட்டுச் சாலைக்கு மேற்கே ஒரு பண்ணையையும் அவள் விடவில்லை. மரியாதைக்காக வாயை மூடிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும், இப்போது அதே மரியாதைக்காக அண்ணன், மச்சினி, பழைய கூட்டாளி என்று கிழக்கே இருப்பவர்களுக்குப் போன் போட வேண்டியதாயிற்று. மாட்டேன் என்று அவர்களால் சொல்ல முடியாதே! ஈடித் முதலில் போனை வைத்துவிட்டாளாம். ஆர்லின் மறுபடி கூப்பிட்டார். பேச்சு டிராக்டரில் தொடங்கி, பள்ளிக்கு வர வெகு நேரம் ஆனது.

5

உடற்பயிற்சிக் கூடத்தில் இரு வேட்பாளரையும் உட்கார வைத்துக் கேள்வி கேட்டார்கள். இருட்டிய பிறகும் ஆட, கால்பந்து மைதானத்துக்கு விளக்குப் போட வேண்டும் என்று நிற்கும் அப்பாக்கள் முன்வரிசை முழுக்க இருந்தார்கள். அந்த ஓட்டு இல்லாமல் இங்கே யாரும் ஜெயித்ததில்லை. எனக்கு அது தெரியும் என்பதால் பதிலை முந்தியே எழுதிக் கொடுத்திருந்தேன்: 'இரண்டும் நம் பிள்ளைகளுக்குத்தான். ஒன்றை விட்டு ஒன்றா?' எழுதியபோது என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

“விளக்குக்கு நீ எதிர்ப்பா?” என்று ஒருவர் எழுந்து கேட்டார்.

“எதிர்ப்பில்ல. ஆனா பள்ளிக்கூரைதான் முதல்ல. விளக்கு அப்புறம்.”

“எப்ப?”

“தெரியலை.”

முன்வரிசை முனகியது. வெளியே வண்டி நிறுத்தத்தில் அவளைப் பிடித்துக்கொண்டேன்.

“நான் எழுதினதைச் சொல்லியிருந்தா ஜெயிச்சிருப்பேடீ!”

“ஜெயிச்சிருப்பேன். அடுத்த மாசம் அந்த ஆளு வந்து விளக்கு எங்கன்னு கேப்பான். நீயா பதில் சொல்லுவே?”

அன்று இரவு நான் இந்தக் கதையைக் கைவிட்டேன். நான் சொல்வதைக் கேட்காத கதாபாத்திரத்தை வைத்துக்கொண்டு ஒரு எழுத்தாளர் என்ன செய்ய முடியும்? மறுநாள் காலையில் மறுபடி எடுத்துக்கொண்டேன். அவள் மூன்று முறை நிற்கலாம், நான் இரண்டாம் முறை உட்காரக் கூடாதா?

6

ஏப்ரலில், சேறும் பனியும் கலந்த ஒரு செவ்வாய்க்கிழமை ஓட்டுப் போட்டார்கள். எண்ணினார்கள். சமம். மறுபடி எண்ணினார்கள். அதே சமம்.

சமமானால் எங்கள் பக்கத்தில் சீட்டுக் குலுக்கல்தான் வழக்கம். வட்டார அலுவலகத்தில் எழுத்தர் கோனி இரண்டு பெயர்களையும் எழுதி மடித்து, யாரோ கழற்றிக் கொடுத்த பச்சை மஞ்சள் கம்பளிக் குல்லாயில் போட்டுக் குலுக்கினாள். வெர்ன் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார். ஆர்லினும் ஈடித்தும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல்.

ஒரு முடிவில் கோனி வெர்ன் பெயரைப் படிக்கிறாள். அவர் ஜோலீனிடம் மன்னிப்புக் கேட்பது போல ஏதோ முணுமுணுக்கிறார். பள்ளிக்குப் பூட்டு. இதை எழுதிப் பார்த்தேன், கை வரவில்லை.

இன்னொரு முடிவில் ஜோலீன் பெயர் வருகிறது. எல்லாரும் கைதட்டுகிறார்கள், இரட்டைப் பெண்கள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்கிறார்கள். இதுவும் எழுதினேன். கூரை அப்போதும் ஒழுகிக்கொண்டுதான் இருந்தது.

முடிவை வாசகர்கள் கையில் கொடுக்கப் போகிறேன் என்று அவளிடமே சொன்னேன். எகிறிவிட்டாள்.

“என் பிள்ளைங்க பள்ளிக்கூடத்தை முன்னப்பின்ன தெரியாத யார் யார் கையிலயோ குடுப்பியா நீ?”

“குலுக்கல்ல விட்டதைவிட இது மேல்தானேடீ?”

“சரி குடு. ஆனா நடந்ததை நடந்த மாதிரி எழுது.”

எழுதுகிறேன். கோனியின் கை குல்லாய்க்குள் போய், ஒரு சீட்டோடு வெளியே வந்தது. அதைப் பிரிக்கப் போகும்போது ஜோலீன் குறுக்கே பேசினாள்.

“ஒரு நிமிஷம் கோனி. திங்கட்கிழமை வாரியக் கூட்டம் இருக்கில்ல?”

“இருக்கு.”

“பொதுமக்கள் பேசுறதுக்குப் பேரு குடுக்கணும்ல? முதல் பேரா என் பேரை எழுதிக்க. ஜெயிச்சுட்டேன்னா அடிச்சுடு.”

கோனி சீட்டை மேசைமேல் வைத்துவிட்டு, பேனாவை எடுத்து எழுதிக்கொண்டாள். வெர்ன் தொப்பியைத் தலையில் போட்டுக்கொண்டு, “அப்ப திங்கட்கிழமை நான் சாப்பிட்டுட்டே வந்துடணும், சீக்கிரம் முடியாது” என்றார்.

சீட்டு இன்னும் மேசைமேல் மடித்தபடியே கிடக்கிறது. பிரிப்பது உங்கள் பாடு. யார் பெயர் வந்தாலும் சரி, வாரிய நாற்காலியிலிருந்தோ பொதுமக்கள் வரிசையிலிருந்தோ, திங்கட்கிழமை அந்த அறையில் முதலில் பேசப்போவது அவள்தான்.