பலகையில் இருந்த விலை

அந்த வெள்ளிக்கிழமை காலை எங்கள் டிக்கிரி பண்டாவின் கடையில் இருந்தவர்கள்: அவன் மனைவி பொடிமெனிக்கே, தையல் தொழிற்சாலைக்குப் போகும் மகள் நில்மினி, அரசாங்கப் புள்ளிவிவர ஆபீசுக்காக மாதாமாதம் விலை எழுத வரும் ரூபசிங்க, பக்கத்து வீட்டு யசவதி. டிக்கிரி பண்டா சுவரில் மாலைக்குள் இருந்தான். மண்ணெண்ணெய் வரிசையில் விழுந்து இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அன்றிலிருந்து கடையில் வியாபாரம் இல்லை.

ரூபசிங்க வழக்கமான ஸ்டூலில் உட்கார்ந்து படிவத்தை முழங்காலில் விரித்தார்.

"பருப்பு இருக்கா, மெனிக்கே அக்கா?"

"தட்டப் பாருங்க மாத்தயா. பல்லி மட்டுந்தான் இருக்கு."

அவர் நிமிர்ந்து கரும்பலகையைப் பார்த்தார். டிக்கிரி பண்டாவின் சாய்ந்த கையெழுத்தில் 'பருப்பு 290' என்று இருந்தது. அதையே எழுதினார்.

"செத்தவர்கிட்டயா விலை கேக்குறீங்க?" என்றாள் நில்மினி.

"சாமான் இல்லன்னா கடைசியா இருந்த விலையத்தான் போடணும், மகள். அதுதான் சட்டம்."

"சந்தையில அறுநூத்தி நாப்பது. எங்க சம்பளத்துல வாழ்க்கைச் செலவுப் படி உங்க விலைவாசிப் புள்ளியப் பாத்துத்தான் ஏறுது. புள்ளி அசையலன்னு ஃபேக்டரில கைய விரிக்கிறாங்க. உயிரோட இருந்தப்ப என்னை ஒரு வார்த்தை கடிஞ்சு பேசாத அப்பா, இப்ப என் சம்பளத்தப் பிடிச்சிக்கிட்டு நிக்கிறார்."

ரூபசிங்க பேனா மூடியைத் திருகினார். "இவர் மட்டுமில்ல. என் படிவத்துல இன்னும் ஏழு பூட்டின கடை இருக்கு. எல்லாம் பழைய விலை சொல்லிக்கிட்டுத்தான் இருக்கு."

"நாங்க வாங்கின விலைய எழுதுங்களேன்."

"வாங்குறவங்க விலை செல்லாது. விக்கிறவங்க சொல்லணும்."

பொடிமெனிக்கே உள்ளே போனாள். முந்தின நாள் சந்தையில் நான்கு மணி நேரம் வரிசையில் நின்று வாங்கிய ஒரு கிலோ பருப்பைக் கொண்டுவந்து தராசுத் தட்டில் வைத்தாள்.

"கடை திறந்தாச்சு. பருப்பு கிலோ அறுநூத்தி நாப்பது. எழுதுங்க."

"காட்டுறதுக்கு வச்சா போதாது அக்கா. கேட்டா குடுக்கணும்."

"அப்ப எனக்குக் குடுங்க," என்றாள் யசவதி. அதுவரை வாசற்படியில் காலி எண்ணெய்க் கேனோடு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவள், முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். "பிள்ளைங்க பருப்பு தின்னு ரெண்டு வாரம்."

பொடிமெனிக்கேயின் கை தராசின் மேலேயே நின்றது. அந்த வாரத்துக்கு வீட்டில் வேறு எதுவும் இல்லை.

"அம்மா, வேணாம்," என்றாள் நில்மினி.

"விலை சொல்லிட்டேன்டி."

பருப்பு கை மாறியது. ரூபசிங்க 290-ஐ அடித்துவிட்டு 640 என்று எழுதினார். "பலகையிலயும் மாத்திடுங்க அக்கா. ஆபீஸ்ல படம் கேப்பாங்க."

பலகையை யாரும் மூன்று மாதமாகத் தொட்டிருக்கவில்லை. அவள் முந்தானை நுனியால் துடைத்தாள். ஈரத்துணியாலும் துடைத்தாள். புது எண்ணை எழுதி முடித்ததும் கீழிருந்து பழைய எண் வெளுப்பாகக் காய்ந்து எழும்பியது. ரூபசிங்க படம் எடுத்தபோது இரண்டும் சேர்ந்தே விழுந்தன.

அந்த வாரம் முழுக்க அவர்கள் சோறும் கீரையும் தின்றார்கள்.

அடுத்த மாதம் ரூபசிங்க ஸ்டூலில் உட்காரவில்லை. நின்றபடியே படிவத்தைக் காட்டினார். 640-இன் மேல் சிவப்புக் கோடு. ஒரே தடவையில் இவ்வளவு ஏற முடியாது, ஒழுங்காக நடக்கிற கடையும் இல்லை என்று மேலே இருந்தவர் எழுதியிருந்தார். பக்கத்தில் 290. நில்மினியின் சம்பளச் சீட்டில் படி பழையபடியே இருந்தது.

"அவர் வார்த்தையத்தான் நம்புறாங்க," என்றாள் பொடிமெனிக்கே, சுவரைப் பார்க்காமல்.

பலகையை அவள் மறுபடி துடைக்கவில்லை. மழைக்காற்று அடிக்கிற நாட்களில் 640 மங்கிவிடும். மற்றது தெரியும்.

புருஷன் செத்த கையோடு டிக்கிரி பண்டாவின் பெண்சாதி பருப்பைப் பதுக்கி இரட்டை விலைக்கு விற்றாள் என்று கம்பளைக் கடைத்தெருவில் ஒரு பேச்சு இருக்கிறது. பொய். அறுநூற்று நாற்பதுக்கு வாங்கியது, அறுநூற்று நாற்பதுக்கு விற்றது. ஒரு கிலோ.