அப்பாவின் சீஸில் ஒரு துண்டு

1

இந்தக் கதை ஒரு சீஸ் துண்டில் பிறந்தது. அப்பா இறந்த மறுவாரம், துறைமுக ஊரான ஹார்லிங்கனில் அவர் வீட்டைப் பூட்டப் போன அக்கா நீன்கே, பசி தாங்காமல் ஃபிரிட்ஜைத் திறந்து ஒரு துண்டு சீவி வாயில் போட்டுக்கொண்டாள். சம்பவம் அவ்வளவுதான். மீதி எல்லாம் சட்டம்.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"துறைமுகத்தில் மழை பெய்துகொண்டிருந்தது, அப்பா இல்லாத அந்த..." (இங்கே மழை எப்போதும்தான் பெய்கிறது. அடித்துவிட்டேன்.)

"அப்பாவின் மீன் பொரிக்கும் வண்டி எங்களுக்கு விட்டுப்போனது எண்ணெய் வாசனையும் வங்கிக்..." (உண்மை. ஆனால் அழகாக இல்லை.)

"எண்ணெய் காயுற வரைக்கும் ஒரு கதை சொல்றேன்." (இது பிரமாதம். இருக்கட்டும்.)

3

நோட்டரி திருமதி ஹூக்ஸ்ட்ரா நிதானமாகச் சொன்னார்: "சொத்து வேண்டாம்னு கோர்ட்ல எழுதிக் கொடுத்துட்டா கடனும் உங்களைத் தொடாது. ஆனா அதுக்கு முன்னாடி அவர் பொருள் எதையாவது எடுத்து வித்தாலோ, தின்னு தீர்த்தாலோ, ஏத்துக்கிட்டதா அர்த்தம். அப்புறம் கடன் உங்க கைக்காசுலேர்ந்துதான்."

அக்காவின் கைக்காசு என்பது அவள் வீடு வாங்கச் சேர்த்திருப்பது. மெதுவாகக் கேட்டாள்:

"மேடம்... சீஸ்?"

"எவ்வளவு?"

"ஒரே துண்டு. மெல்லிசா."

"பழசா, புதுசா?"

"பழசு."

திருமதி ஹூக்ஸ்ட்ரா பேனாவை மூடினார். "சீஸ் பழசாக ஆக விலை ஜாஸ்தியாச்சே." அப்புறம்தான் சிரித்தார். "பயப்படாதீங்க, ஒரு துண்டுக்கு எந்த வங்கியும் வராது. நாளைக்குக் கையெழுத்துப் போடுற வரைக்கும் காசாகுற எதையும் தொடாதீங்க, அது போதும்."

4

(முதல் வரைவில் அக்கா இங்கே அழுதாள். அன்று இரவே படித்துவிட்டுப் போனில் வந்தாள்.)

"டேய் யெல்லே, நான் எங்கடா அழுதேன்?"

"கதைக்கு வேணும்க்கா."

"அப்போ நீ அழு. இதுக்குக் காசு குடுப்பாங்களா?"

"பத்திரிகைல சன்மானம் உண்டு."

"அந்த 'எண்ணெய் காயுற வரைக்கும்' யாரோடது?"

வண்டி முன்னால் வரிசையில் நிற்பவர்களிடம் அப்பா சொல்வது அது. கதை பாதியில் இருக்கும்போது, "மீன் பொரிஞ்சிருச்சு" என்று நிறுத்திவிடுவார். முடிவு கேட்டு யாராவது நின்றால் இன்னொரு தட்டு இனாமாகப் பொரிப்பார். கடன் வந்த வழி அது.

"நான் ஒரு துண்டு சீஸ் தின்னேன்," என்றாள் அக்கா. "நீ கடையையே விக்கப் போற."

5

எண்ணெய் காயும் அந்த முதல் வரியை அடித்தேன்.* அப்புறம் பார்த்தால், நடுவில் நிறுத்துவது அவருடையது. சிரிக்காமல் சொல்வது அவருடையது. அடிக்க அடிக்க, எனக்கென்று மிஞ்சியது அந்த மழை மட்டும்.

முடிவுகள் இரண்டு. (அ) நாளை அக்காவோடு நானும் கையெழுத்துப் போடுகிறேன், இந்தக் கதையைக் கிழிக்கிறேன், கடனில்லாதவனாகச் சைக்கிளில் வீடு திரும்புகிறேன். (ஆ) கதையை அனுப்புகிறேன்; அப்பாவின் பொருளை விற்றதாக ஆகும். அக்கா விலகிக்கொள்வாள். கடன் முழுக்க என் தலையில், அப்பா முழுக்க என் பங்கில்.

எதுவென்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் வாரிசு இல்லை, உங்களை யாரும் கேட்க மாட்டார்கள். நான் சொல்லியிருப்பேன், ஆனால்

மீன் பொரிஞ்சிருச்சு.

* சொன்ன கதை சட்டப்படி சொத்தா என்று நோட்டரியிடம் கேட்டிருக்கலாம். கேள்விக்குக் கட்டணம் உண்டு.